பி7-இல் நின்ற மந்திரி

செமி-ஸ்லாவ் தொடக்கத்தைக் கறுப்பில் ஆடுகிறவர்களுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு: ராணிப் பக்கத்து மந்திரி. டி5-இல் நிற்கும் சிப்பாய்க்கு முட்டுக்கொடுக்க சி6, இ6 என இரண்டு சிப்பாய்களை நகர்த்தியதுமே, சி8 கட்டத்தில் இருக்கும் அந்த மந்திரிக்கு வழி அடைபட்டுப் போகிறது. சொந்தக் காலாட்களே அதற்குச் சிறை. அந்த மந்திரியை எப்போது, எந்த விலை கொடுத்து வெளியே கொண்டுவருவது என்பதுதான் இந்தத் தொடக்கத்தின் முழுக் கதை. 2008 அக்டோபர் 17 அன்று ஜெர்மனியின் பான் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் அந்த மந்திரி மொத்தம் எட்டு முறை நகர்ந்தது. எட்டாவது முறை நகர்ந்ததும் எதிராளி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

உலக சாம்பியன் பட்டத்துக்காக விஸ்வநாதன் ஆனந்தும் விளாதிமிர் கிராம்னிக்கும் மோதிய பன்னிரண்டு ஆட்டத் தொடரின் மூன்றாவது ஆட்டம் அது. ஆனந்த் கறுப்பு. தமிழ்நாட்டில் சதுரங்கம் தெரிந்தவர்களிடம் ஆனந்தின் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் பதில் இதுதான். காரணம், அதிலுள்ள காய்ப் பலிகள் மட்டும் இல்லை. ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரைப் படித்து எடுக்கும் முடிவு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆட்டம் வேறொன்றை நான் கண்டதில்லை.

இதைப் புரிந்துகொள்ள எட்டு ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 2000-ஆம் ஆண்டு லண்டனில் கேரி காஸ்பரோவைக் கிராம்னிக் வீழ்த்தியது ஒரு தொடக்கத்தின் துணையோடுதான். காஸ்பரோவ் ராஜா முன் சிப்பாயை இ4-க்கு நகர்த்தி ஸ்பானிஷ் ஆட்டத்துக்குப் போகும்போது, கிராம்னிக் பெரும்பாலும் பெர்லின் தற்காப்பை எடுத்தார். அதன் முக்கிய வழியில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டுப் பலகையை விட்டுப் போய்விடும். கறுப்பு ராஜா கேஸ்லிங் செய்யும் உரிமையை இழக்கும். பார்க்க அசிங்கமான நிலைதான். ஆனால் காஸ்பரோவின் பலமே ராணிகள் இருக்கும் பலகையில் மூச்சுவிட முடியாத வேகத்தில் தாக்குவது. அந்த உலகத்தை எட்டே நகர்த்தல்களில் கிராம்னிக் கலைத்துவிட்டார். காஸ்பரோவால் அந்தத் தொடரில் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. 8½-6½ என்று கிராம்னிக் பட்டத்தைப் பறித்தார்.

ஆக, எதிராளிக்குப் பிடிக்காத நிலத்துக்கு அவரை இழுத்துப்போவதை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவரே கிராம்னிக்தான். நிதானம், ராணிகள் போன பிறகு வரும் நுணுக்கமான கடைசிக்கட்டம், அணுவளவு சாதகத்தையும் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அழுத்துவது, இவை அவருடைய வீடு. 2008-இல் ஆனந்தின் குழு எதிர்கொண்ட கேள்வி இதுதான்: கிராம்னிக்குக்கு எது பெர்லின்?

இரண்டு விடைகள் தயாராயின. முதலாவது வெள்ளைக் காய்களுக்கு. வாழ்நாளெல்லாம் இ4 சிப்பாயில் ஆட்டத்தைத் தொடங்கிவந்த ஆனந்த், இந்தத் தொடரில் டி4-க்கு மாறினார். அப்படி மாறுவது சாதாரண வேலை இல்லை. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த அறிவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எதிராளி சிறுவயதிலிருந்து ஆடிவரும் நிலைகளுக்குள் புதியவராக நுழைவது. இரண்டாவது விடை கறுப்புக் காய்களுக்கு. அதுதான் செமி-ஸ்லாவின் கிளையான மெரான்.

மெரான் என்பது இத்தாலியின் தெற்குத் திரோலில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். 1924-இல் அங்கு நடந்த போட்டியில் அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பில் இந்த முறையை ஆடி எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டைத் தோற்கடித்தார். தோற்ற க்ரூன்ஃபெல்டுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போய், அதே போட்டியில் ருடால்ஃப் ஷ்பீல்மனுக்கு எதிராகத் தானே அதைக் கறுப்பில் ஆடிப் பார்த்தார். ஊரின் பெயர் தொடக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. (கார்ப்போவும் கோர்ச்னோயும் 1981-இல் உலகப் பட்டத்துக்கு மோதியதும் இதே ஊரில்தான்.)

யோசனை என்னவென்று சொல்கிறேன். பலகையை எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வெள்ளையின் ராஜாப் பக்கத்து மந்திரி டி3-க்கு வரும்வரை கறுப்பு பொறுமையாகக் காத்திருக்கிறது. வந்த மறுகணமே டி5 சிப்பாயால் சி4-ஐ வெட்டுகிறது. வெள்ளை மந்திரி சி4-இல் திருப்பி வெட்ட வேண்டியிருக்கிறது. உடனே பி5 என்று கறுப்புச் சிப்பாய் பாய்ந்து அந்த மந்திரியைத் துரத்துகிறது. டி3-க்குப் போய், சி4-க்குப் போய், மறுபடி டி3-க்கே வந்து சேர்வதற்குள் வெள்ளை நேரத்தை இழந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கறுப்பு ஏ6 ஆடி, அடுத்து சி6 சிப்பாயை சி5-க்குத் தள்ளி நடுப்பலகையை உடைக்கிறது. பி5-க்குச் சிப்பாய் போனதால் பி7 கட்டம் காலி. சி5-க்குப் போனதால் ஏ8-இலிருந்து எச்1 வரையிலான நெடிய மூலைவழி திறப்பு. சிறைப்பட்ட மந்திரிக்குக் கதவும் கிடைத்தது, பாதையும் கிடைத்தது.

வெள்ளை சும்மா இருக்குமா? இ4, அடுத்து இ5 என்று பாய்கிறது. பான் ஆட்டத்தில் கிராம்னிக் பத்தாவது நகர்த்தலில் தேர்ந்தெடுத்தது இந்தக் கூர்மையான வழியைத்தான். இ5 சிப்பாய் எஃப்6-இல் இருக்கும் குதிரையைத் தாக்குகிறது. கறுப்பு அதைப் பொருட்படுத்தாமல் டி4-இல் வெட்டி சி3 குதிரையைத் தாக்குகிறது. வெள்ளைக் குதிரை பி5 சிப்பாயை வெட்டுகிறது, கறுப்பு அந்தக் குதிரையை வெட்டுகிறது, வெள்ளை எஃப்6 குதிரையை வெட்டுகிறது, கறுப்பு ஜி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. புளூமென்ஃபெல்ட் என்ற பெயரால் அறியப்படும் பழைய வழி இது. புழுதி அடங்கிப் பார்த்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் ராஜா நடுவிலேயே நிற்கிறது, ராஜாப் பக்கத்துச் சிப்பாய் வரிசை சிதறிக் கிடக்கிறது. வெள்ளை கேஸ்லிங் செய்துகொண்டு, 14-ஆவது நகர்த்தலில் ராணியை இ2-க்குக் கொண்டுவந்து பி5 சிப்பாய்க்குக் குறிவைக்கிறது.

இங்கே வழக்கமாகச் செய்வது அந்தச் சிப்பாயைக் காப்பாற்றுவது. மந்திரியை ஏ6-இல் வைத்து முட்டுக்கொடுக்கலாம், அல்லது சிப்பாயை பி4-க்குத் தள்ளலாம். ஆனந்த் மந்திரியை பி7-இல் வைத்தார். பி5 சிப்பாயை எடுத்துக்கொள் என்றார்.

எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை ஐந்துக்கு ஐந்து என்று சமமாகிறது. அதைவிட முக்கியமாக, ராணிப் பக்கத்தில் கறுப்புக்கு ஒரு சிப்பாய்கூட இல்லாமல் போகிறது. வெள்ளையின் ஏ, பி சிப்பாய்கள் இரண்டும் தடுக்க ஆளில்லாமல் கடைசிக் கட்டம்வரை ஓடக் காத்திருக்கின்றன. ராணிகள் வெட்டுப்பட்டு ஆட்டம் அமைதியானால் அந்த இரண்டு சிப்பாய்களே வெள்ளைக்கு வெற்றி தேடித்தரும். கடைசிக்கட்டத்தின் மகாவித்தகரான கிராம்னிக்கிடம் இப்படி ஒரு பரிசை நீட்டுவது முதல் பார்வைக்குப் பைத்தியக்காரத்தனம். கறுப்புக்குக் கைமாறாகக் கிடைப்பவை திறந்த ஜி வரிசை, எதிராளியின் ராஜாவை நேராகப் பார்க்கும் நெடிய மூலைவழி, டி4-இல் ஊன்றிய சிப்பாய். அதாவது தாக்குதல் மட்டுமே. தாக்குதல் தணிந்தால் கறுப்புக்கு எதுவும் மிஞ்சாது.

இந்த நகர்த்தலின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. கொள்கைப்படி ஆடும் வீரர் அந்தச் சிப்பாயை எடுத்தே ஆக வேண்டும். கிராம்னிக் கொள்கைப்படி ஆடுபவர், எடுத்தார். எடுத்த கணத்திலிருந்து அவர் தன் வாழ்நாளில் தவிர்க்கப் பழகியிருந்த வகை நிலைக்குள் இருந்தார்: தன் ராஜா பாதுகாப்பில்லாமல், ஒவ்வொரு நகர்த்தலிலும் துல்லியமான ஒரே விடையைத் தேடியாக வேண்டிய நிலை. ஆனந்த் தரப்பு இதை மாதக்கணக்கில் ஆராய்ந்து வைத்திருந்தது. டென்மார்க்கின் பீட்டர் ஹைனே நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ரதோஸ்வாவ் வொய்தாஷெக், கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி என நான்கு கிராண்ட்மாஸ்டர்கள் அதற்காக உழைத்தார்கள். கிராம்னிக்கோ பலகை முன்னால், கடிகாரம் ஓட ஓட, தனியாக யோசித்துக்கொண்டிருந்தார்.

கறுப்பு மற்ற மந்திரியை டி6-க்கும் யானையை ஜி8-க்கும் கொண்டுவந்தது. வெள்ளை ஜி3 என்று அடைத்தது. யானை ஜி4-க்கு ஏறியது. அங்கிருந்து பக்கவாட்டில் டி4 சிப்பாயையும் காக்கிறது. கிராம்னிக்கின் பதில் அற்புதமானது. 18-ஆவது நகர்த்தலில் எஃப்4-இல் மந்திரியைப் பலியாக நீட்டி யானையின் பார்வையை மறித்தார். அதை ஆனந்த் வெட்டியதும் குதிரையால் டி4 சிப்பாயை வெட்டினார். குதிரை எஃப்3-ஐ விட்டு விலகியதால் அவரது ராணி ஜி4 யானையை நேராகத் தாக்குகிறது. எச்5 ஆடி யானைக்கு முட்டுக்கொடுத்தார் ஆனந்த். வெள்ளைக் குதிரை இ6-இல் விழுந்து உயிரைக் கொடுத்தது, யானை டி7 குதிரையை வெட்டியது, கறுப்பு ராஜா எஃப்8-க்குத் தப்பியது. யானை ஜோடி ஒன்று வெட்டுப்பட, 24-ஆவது நகர்த்தலில் ஜி சிப்பாயால் எஃப்4 மந்திரியை எடுத்தபோது புயல் ஓய்ந்தது. இருபக்கமும் ராணி, யானை, மந்திரி. வெள்ளைக்கு ஐந்து சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. எண்ணிப் பார்த்தால் வெற்றியின் திசையில் நிற்பவர் கிராம்னிக்.

இங்கிருந்து ஆட்டத்தை மெதுவாகப் பார்க்க வேண்டும். இரண்டு சிப்பாய் குறைவாக இருக்கும் ஆனந்த் முதலில் யானையை டி8-க்கு நகர்த்தி ராணியைத் துரத்துகிறார். அது இ2-க்குத் திரும்புகிறது. அடுத்து அவர் செய்தது தாக்குதல் இல்லை, செக் இல்லை. தன் ராஜாவை ஜி7-இலிருந்து எச்6-க்கு ஒரு கட்டம் ஒதுக்கினார். ஜி வரிசை முழுக்கத் திறக்கிறது. யானை ஜி8-க்கு வர வழி விட்டாயிற்று, அவ்வளவுதான். எதிராளியின் இரண்டு சிப்பாய்கள் ஓடத் தயாராக நிற்கையில், காய்க்கணக்கில் பின்தங்கியிருக்கையில், ஒரு முழு நகர்த்தலை இப்படிச் செலவழிக்கத் தன் நிலைமீது பெரிய நம்பிக்கை வேண்டும். பி7 மந்திரி எங்கேயும் போகாது, வெள்ளை ராஜாவுக்கு ஒளிந்துகொள்ளச் சுவரும் கிடையாது, ஆகவே அவசரமில்லை என்பது அந்த நகர்த்தலின் பொருள். ஆட்டத்தின் உச்சம் என்று நான் கருதுவது இதையே. ஆனந்தை வேகத்துக்காகக் கொண்டாடுகிறவர்கள் இந்த நகர்த்தலைப் பார்க்க வேண்டும்.

கிராம்னிக் முன்கூட்டியே ராஜாவை எஃப்1-க்கு இறக்கினார். யானை ஜி8-க்கு வந்தது. ஏ சிப்பாய் ஓடத் தொடங்கியது. 14-ஆவது நகர்த்தலிலிருந்து அசையாமல் நின்ற மந்திரி 27-ஆவது நகர்த்தலில் நெடிய மூலைவழியில் ஒரே பாய்ச்சலாக ஜி2-க்கு வந்து செக் சொன்னது. ராஜா இ1. மந்திரி எச்3. யானை ஜி1-இல் இறங்கி ராஜாவை டி2-க்குத் துரத்த, ராணி டி4-இல் செக் கொடுத்து சி2-க்குத் துரத்தியது. மந்திரி ஜி4-க்கு வந்து ராணியைத் தாக்கியது. எஃப்3 என்று வெள்ளை மறித்ததும் எஃப்5-இல் மறுபடி செக்.

இதுதான் திருப்பம். கிராம்னிக்கின் கடிகாரத்தில் நேரம் கரைந்திருந்தது. ராஜாவை பி3-க்கு விட்டிருந்தால் போராட்டம் நீண்டிருக்கும் என்பது பின்னால் செய்த அலசல்களின் முடிவு. அவர் மந்திரியை டி3-இல் குறுக்கே வைத்தார். உடனே அந்த மந்திரியை வெட்டியிருந்தால் ஆனந்த் இன்னும் விரைவில் முடித்திருக்கலாம். அவருக்கும் நேர நெருக்கடி. ஆனால் அவர் மந்திரியை எச்3-க்குத் திருப்பி, யானை ஜி2-க்கு இறங்குவதற்கு அரண் செய்தார். அதுவும் வெற்றிதான். இரண்டாவது வரிசையில் ராணிக்கு நேர் பின்னே ராஜா. ஜி2 யானை ராணியைக் கட்டிப்போட்டுவிட்டது. கிராம்னிக் ஏ5, ஏ6, ஏ7 என்று தன் ஒரே நம்பிக்கையை ஓட்டினார். ராணி போயிற்று, மந்திரி போயிற்று. சிப்பாய் ராணியாக இன்னும் ஒரு கட்டம் இருக்கையில், 41-ஆவது நகர்த்தலில் கறுப்பு மந்திரி பி1-இல் செக் சொன்னது. கடைசி பதினைந்து கறுப்பு நகர்த்தல்களில் ஏழு அந்த ஒற்றை மந்திரியினுடையவை. மெரான் தொடக்கம் எதற்காகப் பிறந்ததோ, அந்தக் காரியம் ஒரே ஆட்டத்தில் தொடக்கம் முதல் முடிவுவரை நிறைவேறியதை இதைவிட அப்பட்டமாகப் பார்க்க முடியாது.

அதைவிட ஆச்சரியம் மூன்று நாள் கழித்து வந்தது. அக்டோபர் 20, ஐந்தாவது ஆட்டம், மறுபடி கிராம்னிக் வெள்ளை, மறுபடி அதே மெரான், அதே பி7 மந்திரி, அதே பி5 வெட்டு. இரண்டு பேரும் வேண்டுமென்றே அதே நிலைக்குள் நடந்தார்கள். கிராம்னிக்கின் குழு இடைப்பட்ட நாட்களில் ஏதாவது மருந்து தேடியிருக்கும் என்று ஊகிப்பது நியாயம். அதைக் காட்ட ஆனந்த் இடம்கொடுக்கவில்லை. டி6 மந்திரிக்குப் பதில் யானையை முதலில் ஜி8-க்கு நகர்த்தி அவரே வழி மாறினார். அசாத்தியமான துணிச்சல் இது. ஒரு முறை வெடித்த குண்டை யாரும் மறுமுறை அதே இடத்தில் வைப்பதில்லை. கீழே இன்னொன்றும் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் வைப்பார்.

அந்த ஆட்டத்தின் முடிவை மட்டும் சொல்கிறேன். 29-ஆவது நகர்த்தலில் கிராம்னிக் குதிரையால் டி4 சிப்பாயை வெட்டினார். ஆனந்த் ராணியால் குதிரையை வெட்ட, தொடர்ந்து ராணிகள் வெட்டுப்பட்டு, கடைசியில் வெள்ளை யானை பி7 மந்திரியையே எடுத்துவிடுகிறது. இழந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று கிராம்னிக் கணக்குப் போட்டிருந்தார். ஆனந்தின் யானை சி1-இல் செக். வெள்ளை மந்திரி எஃப்1-இல் குறுக்கே வருகிறது. அப்போது கறுப்புக் குதிரை இ3-இல் குதித்தது. அதை வெட்டினால் எஃப் சிப்பாய் இ3-க்கு வந்து, கட்டுண்ட மந்திரியின் பக்கத்தில் இறங்கி ராணியாகிறது. வெட்டாவிட்டால் மந்திரி போகிறது. கிராம்னிக் வெட்டினார், சிப்பாய் இ3-க்கு வந்தது, அத்தோடு விட்டுக்கொடுத்தார். 35 நகர்த்தல்கள். கணக்கில் கடுகளவும் பிசகாத கிராம்னிக் இதைப் பார்க்கத் தவறியதற்கு, அவர் நிற்க விரும்பாத நிலத்தில் தொடர்ந்து நிற்க வைக்கப்பட்டதே காரணம் என்பது என் துணிபு.

அடுத்த நாள் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளையில் நிம்ஸோ-இந்தியனில் வென்று 4½-1½ என முன்னேறினார். கிராம்னிக் பத்தாவது ஆட்டத்தை வென்று மானத்தைக் காத்தார். அக்டோபர் 29 அன்று பதினோராவது ஆட்டத்தில் ஆனந்துக்கு டிரா போதும். அதுவரை வெள்ளையில் டி4 மட்டுமே ஆடிவந்தவர், அன்று இ4 ஆடினார். சிசிலியன் நாய்டார்ஃப், 24 நகர்த்தலில் டிரா, 6½-4½. தொடர் முழுக்கக் கிராம்னிக்கின் குழு டி4-க்கு விடை தேடிக் களைத்திருக்க, பழைய ஆயுதம் கடைசி நாளுக்கென உறையில் இருந்தது.

மெரானின் கதை அத்தோடு முடியவில்லை. 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஜீ ஊரில் லெவோன் அரோனியனுக்கு எதிராக ஆனந்த் மறுபடி மெரானை எடுத்தார். 23 நகர்த்தலில் வெற்றி. கடைசி நகர்த்தலில் கறுப்பின் ஒரு மந்திரி இ3-இல் நின்று, எச்3-ஐக் காக்கும் வெள்ளை ராணியின் பார்வையை மறைக்கிறது. இன்னொரு மந்திரி பி7-இலிருந்து ஜி2 சிப்பாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. எச்3-இல் ராணி வெட்டினால் மேட். மெரானுக்குப் பெயர் வாங்கித்தந்த அதே ரூபின்ஸ்டைன் 1907-இல் வூட்ஜ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக இரண்டு மந்திரிகளால் கட்டிய முடிவோடு இதைப் பலரும் ஒப்பிட்டார்கள்.

ஆனந்தின் ஆகச் சிறந்த ஆட்டமாக அரோனியனுடனான இந்த வெற்றியைத்தான் ரசிகர்கள் பெரும்பாலும் முன்னிறுத்துகிறார்கள். அழகில் அதற்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் மையக் கருத்து 2012-இல் கெல்ஃபாண்டுடனான உலகப் பட்டத் தொடருக்காக வீட்டில் தயாரித்தது. அரோனியன் அதற்குள் வந்து மாட்டிக்கொண்டார். பானில் அப்படி இல்லை. தயாரிப்பு கொண்டுவந்து விட்ட இடத்தில் கறுப்புக்கு வெற்றி எழுதி வைத்திருக்கவில்லை. 24-ஆவது நகர்த்தலில் இரண்டு சிப்பாய் குறைவு, எதிரே உலகின் மிகக் கடினமான தற்காப்பாளர், கையில் ஒரு யானை, ஒரு ராணி, ஒரு மந்திரி. அதற்குப் பிறகான பதினேழு நகர்த்தல்களும் பலகை முன்னால், கடிகாரம் ஓட, அவரே கண்டுபிடித்தவை. அதனால்தான் நான் பானை முதலில் வைக்கிறேன்.